மையவாடியில் பூத்த ரயில் கத்தாழை

என் கடைக்கு நேர் எதிரே மையவாடி. முஸ்லிம் மக்கள் அடக்கம் செய்யும் இடத்தைப் பேகம்பூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், பெயர் காமராஜ். இருபத்தேழு வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, எரிந்துபோன தண்ணி மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்தால் அந்தச் சுவரும் இரும்புக் கேட்டும்தான். கடை போட்ட புதிதில் என் மனைவி மலர்விழி, "ஊர்ல வேற எடமே இல்லையா ஒங்களுக்கு?" என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது அவளே அந்தச் சுவரோரம் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்துகிறாள்.

அந்தக் கேட்டுக்கு உள்ளே ரஃபீக் பாயின் ராஜ்யம். முகமது ரஃபீக், வயது ஐம்பத்தெட்டு. குழி வெட்டுவது, கருவேலம் மண்டாமல் பார்ப்பது, ஆட்டை விரட்டுவது எல்லாம் அவர்தான். அங்கே இருப்பது சுக்கான் மண். சித்திரையில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். அதிலும் மூன்று மணி நேரத்தில் ஒரு குழியை முடித்துவிட்டு வந்து, முகம் கழுவி, என் கடையில் டீ குடிப்பார்.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நோண்டுவார். ஒருநாள் காலையெல்லாம் ஆளைக் காணோமே என்று கேட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு, மணலில் குழி பறிக்கிற குழியானைப் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் நம்ம சோலிதான் பாக்குது காமராசு. ஆனா வெட்டுன குழியில தானே போய் உக்காந்துக்குது பாரேன்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் நானும் செத்த நேரம் குனிந்து பார்த்தேன்.

இப்போது ஜெய்தூன் பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் சௌகத் அலி தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர், இரண்டாயிரத்து ஒன்றில் இறந்துபோனார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெய்தூன் அக்கா தனியாக வந்து சுவருக்கு வெளியே நின்றார். பெண்கள் உள்ளே போவதில்லை. போர்டு ஒன்றும் எழுதிப் போடவில்லை, வழக்கம் அப்படி. சுவர் அவர் கழுத்து உயரம் இருந்தது. உள்ளே எல்லாம் ஒரே மாதிரி மண்மேடுகள். பேர் வெட்டிய கல் நடுவதும் அங்கே கிடையாது.

"எது அவருன்னே தெரியலையே தம்பி. வெளிய இருந்து பாத்தாத் தெரியுற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு நட்டு வையேன்" என்று ரஃபீக் பாயிடம் கேட்டார்.

மருதாணி நட்டால் ஆடு விடாது. குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாய் இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போனார். முழங்கால் உயரத்தில் ஒரு கத்தாழையைப் பெயர்த்துக் கொண்டுவந்து சௌகத் அலியின் தலைமாட்டில் நட்டார். சோற்றுக் கத்தாழை இல்லை இது. ஈட்டி ஈட்டியாக மடல் நீட்டிக்கொண்டு, நுனியில் கறுப்பு முள்ளோடு நிற்குமே, அது. தண்டவாளத்து ஓரமெல்லாம் நிற்பதால் ரயில் கத்தாழை. ஆடு வாய் வைக்காது, தண்ணீரும் கேட்காது. நாலு வருஷத்தில் சுவருக்கு மேல் மடல் தெரிய ஆரம்பித்தது.

செடி கேட்ட அன்றைக்கே அக்கா இன்னொன்றும் கேட்டிருந்தார். "எனக்குப் புள்ள குட்டி இல்ல. அவரு பக்கத்துல ஒரு எடம் மட்டும் எனக்கு விட்டு வையி." பாய் சரி என்று சொல்லிவிட்டார். சௌகத் அலி அந்த வரிசையில் ஏழாவது ஆள். அவருக்குக் கிழக்கே, சுவர் வரைக்கும் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அதில் அவரை ஒட்டிய இடம் அக்காவுக்கு என்று பேச்சு.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அக்கா ஒரு பிரியாணிக் கடையில் சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை பார்த்தார். பதினொரு மணிக்கு வேலை முடிந்து, கையில் வெங்காய வாசனையோடு வருவார். கத்தாழையைப் பார்த்து நின்று பாத்திஹா ஓதுவார். பிறகு என் கடைக்கு வந்து இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். பாயைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எடம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

இருபது வருஷம் இந்தக் கேள்வியும் பதிலும் மாறவில்லை. நடுவில் யார் யாரோ வந்து அந்த இடத்தைக் கேட்டார்கள். பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். பாய் தரவில்லை. வேர் இருக்கு, பாறை இருக்கு என்று வாய் கூசாமல் புளுகினார். நானே ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கொரோனா இரண்டாவது அலையில் அவரால் முடியவில்லை. ஒரே நாளில் ஏழு மையத்து. ஏழாவது ஒரு பெண், முப்பத்தொன்பது வயது. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது, உடம்புக்குப் பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்கிறார்கள், அந்தப் பெண்ணின் புருஷன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். பாய் கத்தாழைக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சமிருந்த அந்த ஒரே இடத்தைத் திறந்துவிட்டார். முடித்துவிட்டு என் கடைக்கு வந்து, "வேற எடமே இல்ல காமராசு" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

இடையில் ஒரு தடவை சுவரை உயர்த்திக் கட்டியிருந்ததால் அந்தப் புது மேடு வெளியே தெரியவில்லை, அதற்குப் பிறகும் அக்கா கேட்டார். அதற்குப் பிறகும் பாய், "இருக்குக்கா" என்றார். என்ன, முன்பெல்லாம் முகத்தைப் பார்த்துச் சொல்வார், இப்போது டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னார்.

"பாய், உள்ளதச் சொல்லிருங்க. வயசான பொம்பளைய ஏமாத்துறது நல்லாவா இருக்கு?" என்று நான் ஏசினேன்.

"சொல்லிரலாம். சொன்னா அந்தக்கா வெள்ளிக்கிழம எதுக்கு வரும்?"

மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

போன வருஷம் மாசி மாதம் கத்தாழை நடுவிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. குருத்து என்றால் மடல் இல்லை. உலக்கை கனத்தில், பச்சையாக, நேராக வானத்தைப் பார்த்து ஒரு தண்டு. முதல் நாள் பாய் அதைப் பாம்பு என்று நினைத்துக் கம்பை எடுத்தாராம். இரண்டாம் நாள் அவருடைய வியாதி தொடங்கிவிட்டது. குழி அளக்க அவர் வைத்திருக்கிற ஆறடிக் கம்பை அதன் பக்கத்தில் ஊன்றி, தினமும் காலையில் கரியால் கோடு போட்டார். ஒரு நாளைக்கு நாலு விரற்கடை, சில நாள் ஆறு. கம்பு பத்தாமல் போனது. என்னுடைய அலுமினிய ஏணியை வாங்கிக்கொண்டு போனார். பங்குனிக் கடைசியில் தண்டு மூன்று கம்பு உயரம், அதாவது பதினெட்டு அடி. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? செல்போன் டவர் நடுகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். யாரோ பெரிய மகான் அடங்கியிருக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, சுவர்மேல் ஒரு காலையில் பச்சைத் துணியும் நாலு முழம் மல்லிகையும் கிடந்தன. பாய் துணியை உருவி மடித்து, "தோல்ஷாப்புல வேல பாத்த மனுசன்டா அவரு. பீடிக்குக் கடன் சொல்லுவாரு. விட்டா தர்காவே கட்டிருவீங்க போல" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

அப்புறம் தண்டின் உச்சியில் பக்கத்துக்கு ஒன்றாகக் கைகள் நீண்டன. கைக்குக் கை கொத்துக் கொத்தாகப் பூ. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். அழகு என்று நான் சொல்லமாட்டேன், வாசனையும் அழுகின பழம் மாதிரிதான். ஆனால் தேன்சிட்டுகளும் தேனீக்களும் அதை விட்டு நகரவில்லை. ஜெய்தூன் அக்கா வந்து நிமிர்ந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரு தலமாட்டுல பூத்திருக்கு பாத்தியா காமராசு. உசிரோட இருந்த காலத்துல எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல" என்று சிரித்தார். வருஷா வருஷம் பூக்குமா என்று பாயைக் கேட்டார். பாய்க்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் மகள் ஃபாயிஸா காலேஜில் தாவரவியல் படிக்கிற பெண். அவளைக் கூட்டிவந்து என் கடை ஏணியில் ஏற்றினார். அவள் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அத்தா, இது ஆயுசுக்கு ஒரே தடவதான் பூக்கும். மடல்ல அம்புட்டு நாளும் சேத்து வச்ச சத்தையெல்லாம் இந்தத் தண்டுக்கு ஏத்திட்டு அது செத்துரும்."

பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "செத்துருமா? தண்ணி ஊத்துனா?"

"ஊத்துனாலும்தான். ஆனா அடியில பக்கக் கன்னு விட்டிருக்கும். வேருக்குள்ளயே கை நீட்டிப் போயி, மூணடி நாலடி தள்ளி மொளைக்கும். தண்டு உச்சியிலயும் குட்டிக் குட்டியா நாத்து வரும், அது உதிர்ந்தும் மொளைக்கும்." இறங்கும்போது ஏணியின் நடுவில் நின்றாள். "அத்தா, இத நீங்க எப்ப நட்டீங்க?"

"அவரு மவுத்தான வருசம். இருவத்தி மூணு வருசம் ஆச்சு."

"அம்புட்டு நாளா? பத்து பன்னெண்டு வருசத்துல பூத்திருக்கணுமே. காஞ்ச மண்ணுன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஆனா நட்டப்பவே இது முழங்கால் ஒசரம்ங்கிறீங்க. இது நீங்க நட்டதுதானா?"

"நட்டவன் எனக்குத் தெரியாதாடி?" என்றார் பாய். சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கேள்வி அவர் காதில் எறும்பாய்ப் புகுந்துவிட்டது. அதன் பிறகு கொஞ்ச நாள், குழி வெட்டுகிறவர் நடுவில் நிறுத்தி, கத்தாழையையே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கடையிலிருந்து கேட் கம்பி வழியே பார்த்தேன்.

ஆடி பிறந்ததும் மடல்கள் மஞ்சளாகி, சுருங்கி, தரையில் சாய்ந்தன. தண்டு மட்டும் காய்ந்து நின்றது. அதிலிருந்து விரல் நீள நாற்றுகள் காற்றுக்கு உதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு வாரமும், "ஏன் தம்பி வாடிப்போச்சு?" என்று கேட்டார். பாய், "வெயிலுக்கா" என்றார். ஆடிக் காற்றில் நின்றுகொண்டு வெயில் என்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஏற்கெனவே ஒரு பொய்யைச் சுமக்கிற மனுஷன், இது வேறா?

ஒரு புதன்கிழமை காலை பாய் அந்தச் செத்த கத்தாழையின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தார். அடுத்த அரை மணி நேரத்தில், கையெல்லாம் மண்ணோடு, செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். மேஜைமேல் நான் பிரித்து வைத்திருந்த மோட்டாரை ஒதுக்கித் தள்ளினார்.

"போல்ட்டு இருக்கா காமராசு? ஏழு எடு. ஒரு வாஷரும் எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஏழு போல்ட்டையும் வரிசையாக அடுக்கினார். "இந்தா, அஞ்சாவது வரிச. மேக்க இருந்து ஏழு ஆளு. ஏழாவது சௌகத் அலி. அவரு தலமாட்டுல நான் கத்தாழய நட்டேன். சரியா? இப்பக் கட்டையத் தோண்டுறேன், அதுல முழங்கை மாதிரி வளஞ்சு ஒரு வேரு மேக்க பாத்துப் போகுது. அதப் புடிச்சுக்கிட்டே கையால பறிச்சேன். மூணரை அடி. அங்கன கறுப்பா, மக்கிப் போயி, நாரு நாரா இன்னொரு கட்ட இருக்கு. அதுதான் நான் நட்டது. இப்பப் பூத்தது அதோட புள்ள!"

தாய் எங்கே போயிற்று என்று கேட்டேன். அப்போதுதான் இரண்டாயிரத்து ஒன்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது. ரோட்டை அகலப்படுத்துவதற்காக மையவாடிச் சுவரை இடித்து உள்ளே தள்ளி, உயர்த்திக் கட்டிய வருஷம். பாய்க்கு டைபாய்டு வந்து, சித்தையன்கோட்டையில் தங்கச்சி வீட்டில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். ஜேசிபி இறங்கி முள்ளையெல்லாம் வாரி, மேடுகளைச் சமன் செய்துவிட்டுப் போயிருந்தது. அதில் தாய்க் கத்தாழை நசுங்கிப் போயிருக்க வேண்டும், பக்கத்தில் நின்ற கன்று தப்பியிருக்க வேண்டும். பாய் திரும்பி வந்தபோது ஒரு கத்தாழை நின்றது. அதுதான் இது என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

"ஏன் பாய், கத்தாழைக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டு எடம் இருந்ததுல்ல? ஒண்ணு கொறஞ்சப்பக்கூடவா ஒங்களுக்குச் சந்தேகம் வரல?"

"சுவரு நாலடி உள்ள வரும்னு கமிட்டியில சொல்லியிருந்தாக. ஒரு எடத்தச் சுவரு முழுங்கிருச்சுன்னு நெனச்சேன். இன்னிக்கு அளந்து பாத்தேன், ஒரு முழங்கூட வரல. வேப்ப மரத்த வெட்ட மனசில்லாம, இந்த எடத்துல மட்டும் பழைய சுவரு நின்ன எடத்துலயே கட்டியிருக்கான்."

அதோடு விடவில்லை அவர். பள்ளிவாசலுக்குப் போய், அடக்கப் பதிவு நோட்டை எடுக்கச் சொல்லி, அஞ்சாவது வரிசையைப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்தார். கொரோனாவுக்கு முந்தி ஏழு பேர், ஏழாவது சௌகத் அலி. மேற்கே இருந்து எண்ணினால் மக்கிய கட்டை கிடந்த இடம் ஏழாவது. பூத்த கத்தாழை நின்றது எட்டாவது இடம். சுவரோரம் கொரோனாவில் வைத்த பெண் ஒன்பதாவது.

நான் வாஷரை எடுத்து எட்டாவது இடத்தில் வைத்தேன். பாய் அதையே பார்த்தார்.

"அதுக்கடியில யாருமே இல்ல காமராசு. பதினஞ்சு வருசமா அங்கன சௌகத் அலி இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு யாருக்கும் குடுக்காம வச்சிருந்திருக்கேன். கொரோனாவுலகூட அதத் தொடல. அக்காவோட எடம் அப்படியே இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது? பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. இடம்தான் இருக்கிறதே, பழைய பொய்யை எதற்குக் கிளற வேண்டும்? சொல்லியும் பார்த்தேன். பாய் தலையை ஆட்டினார். "அக்கா எங்கன பாத்து ஓதணும்னு சொல்லணும்ல? அதச் சொன்னா எல்லாத்தையும்தான் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை அக்கா ஓதிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாய் நின்றுகொண்டே சொன்னார், கொரோனாவிலிருந்து ஆரம்பித்து கத்தாழை வேர் வரைக்கும். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவர் போல மூச்சு விடாமல் சொன்னார்.

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப பதினஞ்சு வருசமா நான் பாத்து ஓதுன எடத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. அது ஒங்க எடம்."

"எனக்கே ஓதிக்கிட்டு இருந்திருக்கனா?"

"அவர நெனச்சு ஓதுனது அவருக்குத்தான் போய்ச் சேரும். பள்ளிவாசல் அசரத்துகிட்டக் கேட்டுட்டேன்க்கா."

அக்கா அந்தக் கொரோனாப் பெண்ணின் பெயரைக் கேட்டார். பாய் சொன்னார். "அந்தப் புள்ளைக்குக் குடுத்தது தப்பில்ல. அத எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? மூணு வருசம் என்னைய எதுர்ல உக்கார வச்சுக்கிட்டு இருக்கு இருக்குன்னு சொன்னியே ரஃபீக்கு, அது என்ன பழக்கம்?" தம்பி என்று கூப்பிடாமல் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. மிச்ச டீயைக் குடிக்காமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. பாய் கேட்டில் நின்று ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. மத்தியானம் போய், உதிர்ந்து கிடந்த நாற்றுகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, நோட்டையும் வரிசையையும் மூன்று தடவை சரிபார்த்து, ஏழாவது தலைமாட்டில் நட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அக்கா வந்தார். சுவரோரம் நின்று எம்பி எம்பிப் பார்த்தார். ஒரு விரல் நீள நாற்று சுவருக்கு வெளியே எப்படித் தெரியும்?

"நட்டிருக்கேன்க்கா. நாலு வருசத்துல வளந்துரும்" என்றார் பாய்.

"அதப் புடுங்கிப் போடு. செடி நகந்து போகும், நம்ப முடியாது. எனக்கு நாலு வருசம் இருக்கான்னும் தெரியாது. நீ போயி அவரு தலமாட்டுல நில்லு."

பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். அவர் உள்ளே போனார். சற்று நேரத்தில் சுவருக்கு மேலே அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அக்கா கைகளை ஏந்தி, அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே ஓதி முடித்தார். முகத்தைத் தடவிக்கொண்டார்.

"இப்ப ரெண்டு எட்டு இந்தப் பக்கம் தள்ளி நில்லு."

தொப்பி நகர்ந்து எங்கள் பக்கம் வந்து நின்றது. அக்கா அந்த இடத்தைப் பார்த்து எதுவும் ஓதவில்லை. "அங்கன வெயில் எப்படி?" என்று கேட்டார்.

"காலையில வேம்பு நெழலுக்கா. மத்தியானத்துக்கு மேலதான் வெயில் விழும்."

"சரி, வா" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி மூன்று டீ சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து இன்றுவரை, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரஃபீக் பாய் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, ஏழாவது தலைமாட்டில் போய் நிற்கிறார். போன வாரம் மழை. நனைந்துகொண்டே நின்றுவிட்டு வந்து என் கடையில் தலையைத் துவட்டினார். எத்தனை நாளைக்கு இப்படி நிற்பீர்கள் பாய் என்று கேட்டேன்.

"அக்கா உள்ள வர்ற வரைக்கும்" என்றார்.